மருத்துவரிடம் கேளுங்கள்: மாதவிடாய் வலியும் இடுப்புக் கடுப்பும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை மாதவிடாய் நாட்களின் வயிற்று வலியையும் இடுப்புக் கடுப்பையும் பற்றியவை. ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பதினோராம் வகுப்பு படிக்கிறாள். 13 வயதில் பெரியவளானாள். முதல் ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள், வாந்தி எடுக்கிறாள், சில மாதங்களில் வயிற்றுப்போக்கும் உண்டு. மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. என் மாமியார், "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், மாத்திரை கொடுத்துப் பழக்கினால் கர்ப்பப்பை கெட்டுவிடும், கல்யாணமாகி ஒரு பிள்ளை பிறந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். தாங்க முடியாதபோது மட்டும் ஒரு பாரசிட்டமால் கொடுக்கிறேன். அதற்கு வலி கேட்பதில்லை. என்ன செய்வது?
— ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: முதல் ஒரு வருடம் வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, நோயைக் கண்டறிய அதுவே முக்கியமான தடயம். பூப்பெய்திய தொடக்க மாதங்களில் பல பெண்களுக்கு உதிரப்போக்கு மட்டும் வருமே தவிர, கருமுட்டை ஒழுங்காக வெளியேறுவதில்லை. ஆறு மாதத்திலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் அது சீராகிறது. முட்டை வெளியேறிய மாதத்தில்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்கிறது. கரு தங்கவில்லை என்றால் அந்த ஹார்மோன் சட்டென்று குறைய, கருப்பையின் உட்படலம் சிதைந்து உதிரமாக வெளியேறுகிறது. சிதையும் அந்தப் படலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வெளிப்படுகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. இறுக்கத்தின் உச்சத்தில் கருப்பைக்குள் எழும் அழுத்தம், அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களின் அழுத்தத்தையே மிஞ்சிவிடுவதால், தசைக்குப் போகும் இரத்தம் சில நொடிகள் தடைபடுகிறது. மாரடைப்பில் இதயத் தசை வலிப்பதும் இரத்தம் தடைபடுவதால்தான். அதைத் தெரிந்துகொண்டால், உங்கள் மகள் சுருண்டு படுப்பது பாசாங்கு என்று வீட்டில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதே வேதிப்பொருள் இரத்தத்தில் கலந்து குடலை எட்டும்போது வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. இவை தனி நோய்கள் அல்ல.

உங்கள் மாமியார் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பலருக்கு இந்த வலி குறைகிறது. ஆனால் 16 வயதுப் பெண்ணிடம் இன்னும் பத்து ஆண்டுகள் பொறுத்திரு என்று சொல்வது வைத்தியம் ஆகாது. மாதம் இரண்டு நாள் என்றால் ஒரு கல்வியாண்டில் ஏறத்தாழ 20 நாட்கள்; பொதுத் தேர்வு எழுதப்போகும் மாணவிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி மாத்திரை. பாரசிட்டமால் நல்ல மருந்துதான். ஆனால் கருப்பையில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை அது வலுவாகத் தடுப்பதில்லை. இபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம், நாப்ராக்சன் ஆகியவை அந்த உற்பத்தியையே தடுக்கின்றன. இவை போன்ற ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். புரோஸ்டாகிளாண்டின் ஆராய்ச்சிக்காக 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இந்த மருந்துகளை மாதவிடாய் வலிக்குக் கொடுத்துப் பார்த்த 80 ஆய்வுகளை 2015இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்து, அவை மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடத் தெளிவாகப் பலன் தருகின்றன என்று முடிவு செய்தது.

மருந்தின் பெயரைவிட, அதை எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் தாய்மார்களில் பெரும்பாலோர் இந்த ஓர் இடத்தில்தான் தவறுகிறார்கள். "தாங்க முடியாதபோது மட்டும்" என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் புரோஸ்டாகிளாண்டின் ஏற்கனவே உருவாகி வேலையைத் தொடங்கிவிட்டது. விழுங்கிய மாத்திரையும் வாந்தியில் வெளியே வந்துவிடும். உதிரம் கண்டவுடனேயே, அல்லது முதுகு கனப்பது, மார்பு நோவது போன்ற முன்னறிகுறிகள் தெரியும் முதல் நாளிலேயே, சாப்பிட்ட பிறகு முதல் மாத்திரையைக் கொடுக்க வேண்டும். இபுப்ரோஃபென் என்றால் பொதுவாக 400 மில்லிகிராம். 6 முதல் 8 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் மூன்றுக்கு மேற்படாமல், இரண்டு நாட்கள், மிஞ்சினால் மூன்று நாட்கள். மகளின் எடைக்கு ஏற்ற அளவை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாதத்தில் இரண்டு நாள் இப்படிக் கொடுப்பதால் பழக்கமும் ஏற்படாது, கர்ப்பப்பையும் கெடாது.

ஆஸ்துமா, குடற்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இவ்வகை மாத்திரைகள் ஆகாது. காய்ச்சல் இருக்கும் நாளிலும் கொடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் அது டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும்.

சரியான நேரத்தில், சரியான அளவில், மூன்று மாதங்கள் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் வலி அடங்காவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருமுட்டை வெளியேறுவதை நிறுத்தி உட்படலத்தை மெல்லியதாக வைத்திருக்கும் ஹார்மோன் மாத்திரையைச் சில மாதங்களுக்கு அவர் எழுதித் தரலாம். "கருத்தடை மாத்திரை" என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இங்கே அது வலிக்கான மருந்து. நிறுத்திய பின் குழந்தைப்பேற்றைப் பாதிக்காது.

கேள்வி: எனக்கு வயிற்று வலியைவிட இடுப்பு வலிதான் அதிகம். முதல் இரண்டு நாள் இடுப்பு ஒடிந்து விழுவதுபோல் இருக்கிறது. தொடை வரை இழுக்கிறது. நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் வேலை. முதுகெலும்பில் தேய்மானம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
— ஆசிரியை, விழுப்புரம்

பதில்: மாதவிடாயோடு வந்து மாதவிடாயோடு போகும் இடுப்பு வலிக்கு முதுகெலும்பு காரணமாக இருப்பது அரிது. கருப்பையிலிருந்து வலியை எடுத்துச் செல்லும் நரம்புகளும், இடுப்பு, அடிமுதுகு, தொடையின் உட்புறம் ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடங்களில் வந்து சேருகின்றன. செய்தி எந்த வாசல் வழியாக வந்தது என்பதை மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. கருப்பையின் வலியை இடுப்பின் வலியாக உணர்கிறது. பிரசவ வலி பலருக்கு இடுப்பிலிருந்து தொடங்குவதும் இதனால்தான். ஆகவே முந்தைய பதிலில் சொன்ன மருந்தும் அதன் நேரமும் உங்களுக்கும் பொருந்தும். இடுப்புக்கு மட்டும் தைலம் தேய்ப்பது அரை வைத்தியமே.

நெடுநேரம் நிற்பது இந்த வலியைக் கூட்டும். அந்த இரண்டு நாள் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். நிற்க வேண்டியிருந்தால் ஒரு காலைச் சிறிய பலகை மீது உயர்த்தி வைத்து, அவ்வப்போது கால் மாற்றி நில்லுங்கள். அடிமுதுகின் வளைவு குறையும். இரவில் ஒருக்களித்து, முழங்கால்களை மடக்கி, இடையில் ஒரு தலையணை வைத்துப் படுங்கள். வலி குறைந்த வேளையில் தரையில் மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, முதுகைப் பூனைபோல் மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் மெதுவாகப் பத்து முறை செய்யுங்கள்.

மாதம் முழுவதற்குமான நன்மை வேண்டுமென்றால் உடற்பயிற்சிதான். ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடங்கள் என வாரம் மூன்று முறையாவது உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு மாதவிடாய் வலி குறைந்திருக்கக் காண்கிறோம் என்று 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. வேகமான நடை, யோகா என்று எதுவாக இருந்தாலும் சரி. மாதவிடாய் நாட்களில் செய்யக் கூடாது என்ற தடை எதுவும் இல்லை. உடல் ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் செய்யலாம்.

கால் மரத்துப்போவது, வலுக்குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, மாதவிடாய் முடிந்த பின்னும் வலி தொடர்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர்க் கடுப்பும் குளிரும் சேர்ந்து வரும் இடுப்பு வலி சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம்.

கேள்வி: சுக்குக் கஷாயம், வெந்தயம், உளுந்தங்களி, வெந்நீர் ஒத்தடம் ஆகியவற்றில் உண்மையில் எது வேலை செய்கிறது? அந்த நாட்களில் தலைக்குக் குளிக்கலாமா?
— காரைக்குடி

பதில்: நான்கில் ஒத்தடத்துக்கு முதலிடம் தருவேன். 2001இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், சுமார் 39 டிகிரி சூடு தரும் பட்டையை அடிவயிற்றில் தினம் 12 மணி நேரம் வீதம் இரண்டு நாட்கள் வைத்திருந்த பெண்களுக்கு, இபுப்ரோஃபென் சாப்பிட்டவர்களுக்கு இணையான நிவாரணம் கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அது கொதிக்கும் சூடு அல்ல, உடல் சூட்டைவிடச் சற்றே கூடுதலான, நீண்ட நேரம் நீடிக்கும் இளஞ்சூடு. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடிவயிற்றிலும் இடுப்பிலும் மாற்றி மாற்றி வையுங்கள். மேலும் மேலும் சூடாக வைத்துக்கொள்ளும் பெண்களின் தோலில், வலை பின்னியதுபோல் பழுப்புக் கோடுகள் படிந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது மாதக்கணக்கில் மறையாது.

இஞ்சிக்கும் ஓரளவு சான்று உண்டு. முதல் மூன்று, நான்கு நாட்களில் தினமும் 750 முதல் 2000 மில்லிகிராம் வரை இஞ்சிப் பொடி கொடுத்த சிறிய ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. கால் தேக்கரண்டி சுக்குப் பொடியைப் பனங்கருப்பட்டியோடு கொதிக்கவைத்துக் காலையும் மாலையும் குடித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். குமட்டலுக்கும் அது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள். வெந்தயத்துக்குக் கிடைத்திருக்கும் சான்று இன்னும் மெல்லியது. மோரில் போட்டுக் குடிப்பதால் தீங்கில்லை. உளுந்தங்களி வலிக்கு மருந்தல்ல. ஆனால் உளுந்தும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த உணவு, மாதாமாதம் இரத்தம் இழக்கும் உடம்புக்குச் சத்தானது. அந்த வகையில் நம் பாட்டிமார் செய்தது நல்ல காரியம்.

தலைக்குத் தாராளமாகக் குளிக்கலாம். வெந்நீரில் குளித்தால் இடுப்புக்கு இதம்.

கேள்வி: நான் பின்னலாடை நிறுவனத்தில் தையல் வேலை செய்கிறேன். மாதவிடாய் வலி என்றால் சூப்பர்வைசர் ஒரு மாத்திரை தருவார். அட்டையிலிருந்து பிரித்துத்தான் தருவார், பெயர் தெரியாது. வலி நின்றுவிடுகிறது. ஆனால் தலை சுற்றுகிறது, வாய் உலர்கிறது. லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்பதால் மூன்று வருடமாகச் சாப்பிட்டு வருகிறேன். ஆபத்து உண்டா?
— திருப்பூர்

பதில்: சகோதரி, பெயர் தெரியாத மாத்திரையை இனி ஒன்றுகூட விழுங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மெஃபனாமிக் அமிலமும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரையாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். நம் நாட்டில் மாதவிடாய் வலிக்கு மிகுதியாக விற்பது அதுதான். டைசைக்ளோமின் வாயை உலர்த்தும், தலைசுற்றலையும் தூக்கத்தையும் தரும், பார்வையை மங்கலாக்கும். விசைத் தையல் இயந்திரத்தின் ஊசிக்கு அருகில் விரல் வைத்து வேலை செய்பவருக்கு அது எத்தகைய ஆபத்து என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மெஃபனாமிக் அமிலத்தைப் பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு, மருந்து தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் காய்ச்சல், உடல் முழுதும் தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல் ஆகியவை சேர்ந்து வந்து ஈரல் போன்ற உறுப்புகளைத் தாக்கலாம் என்பதே அதன் சாரம். இதைப் படித்துவிட்டு அந்த மருந்தே விஷம் என்று நினைக்க வேண்டாம். முறையாகத் தந்தால் பயனுள்ள மருந்துதான். ஆனால் அத்தகைய தடிப்பு வந்த நாளில் எந்த மருந்து சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டால், உங்களால் பதில் சொல்ல முடியாது. மாத்திரை தருபவர் உங்களுக்கு ஆஸ்துமா உண்டா, வயிற்றுப்புண் உண்டா, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஒருமுறையாவது கேட்டாரா? கேட்காமல் தருவது உதவி ஆகாது. தையல் வரிசை நிற்கக் கூடாது என்பதற்காக ஒரு பெண்ணின் உடம்பைப் பணயம் வைப்பதாகவே அதை நான் கருதுகிறேன்.

உங்களிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்குமானால், வாரவிடுமுறைக்கு முன்னதாக ஒரு நாள் அந்த மருந்தகத்துக்குப் போய் வலியைச் சொல்லி, உங்கள் பெயரில் மருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; கட்டணம் கிடையாது. இடுப்பிலும் அடிவயிற்றிலும் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பட்டைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. துணிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வேலை செய்யலாம், மயக்கம் தராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து கழிப்பறை வரை நடந்துவிட்டு வாருங்கள். பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பை 1992இலேயே அளித்தது. சம்பளம் பிடிக்கப்படுமோ என்ற அச்சத்தால் மாத்திரை விழுங்கும் தையல் தொழிலாளிக்கும் அப்படிப்பட்ட ஏற்பாடு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வயது 36. இரண்டு சிசேரியன். கல்லூரி நாட்களில் எனக்கு மாதவிடாய் வலியே கிடையாது. கடந்த இரண்டு ஆண்டுகளாக வலியும் உதிரப்போக்கும் கூடிக்கொண்டே போகின்றன; கட்டி கட்டியாகப் போகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
— சேலம்

பதில்: முன்பு இல்லாத வலி முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்று எண்ணித் தேட வேண்டும். உங்கள் வயதில், சிசேரியன் ஆனவர்களுக்கு, உட்படலம் கருப்பையின் தசைக்குள்ளேயே புகுந்து வளரும் அடினோமயோசிஸ் வர வாய்ப்புண்டு. நார்த்திசுக் கட்டியும் இருக்கலாம். காப்பர்-டி போட்டிருந்தால் அதுவும் வலியையும் போக்கையும் கூட்டும். முதலில் ஸ்கேன், அதோடு ஹீமோகுளோபின் அளவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. உங்களைப் போல் போக்கு அதிகமுள்ளவர்கள் சோதிக்காமல் இருக்கவே கூடாது.

அறுவைச் சிகிச்சை கடைசிப் படி. கருப்பைக்குள் பொருத்தும், ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் காயில் என்ற சாதனம் உட்படலத்தை மெல்லியதாக்கி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வலியையும் போக்கையும் கட்டுப்படுத்தும். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நேராகக் கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்தால், இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் கருத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 22, விடுதியில் தங்கி வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாக வலி. நீங்கள் சொல்லும் மாத்திரைகளை எல்லாம் சாப்பிட்டுவிட்டேன். இப்போது மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பே வலி தொடங்குகிறது; அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது குத்துகிறது. ஒரு முறை ஸ்கேன் எடுத்து எல்லாம் நார்மல் என்றார்கள். திருமணமாகாததால் உள்பரிசோதனை செய்வார்களோ என்ற பயத்தில் மறுபடி போகவில்லை.
— சென்னை

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இம்முறை மிகுந்த கவலையோடு படித்தேன். மாதவிடாய்க்கு முன்பே தொடங்கும் வலி, மலம் கழிக்கும்போது குத்தல், மருந்துக்கு அடங்காமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சூலகத்திலும் குடலைச் சுற்றிலும் வளரும் நோய் அது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. தொடக்க நிலையில் அது ஸ்கேனில் தெரியாமல் போகலாம். ஆகவே ஸ்கேன் நார்மல் என்பதற்கு வலி பொய் என்று பொருள் கிடையாது.

உள்பரிசோதனையைப் பற்றிய பயத்தை விடுங்கள். தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் எடுக்கலாம், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. இருக்கிறது. உங்கள் சம்மதமின்றி எந்த மருத்துவரும் உள்பரிசோதனை செய்யக் கூடாது. உள்பரிசோதனை வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. நோயின் அறிகுறிகள் பொருந்தினால், அறுவைச் சிகிச்சை செய்து உறுதிப்படுத்தும் முன்பே டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கலாம். பிள்ளை பெற்றால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

போகும்போது ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். கடந்த மூன்று மாதங்களில் உதிரம் கண்ட தேதி, வலி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, மலம் கழிக்கும்போது வலித்த நாட்கள் எவை என்று நினைவிருக்கும் வரை எழுதுங்கள். காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து மருத்துவரும் நீங்களும் அவசரப்பட்டு விடாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள், "எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா, டாக்டர்?" என்று நேராகவே கேளுங்கள்.